ஊர் மாறும் கேமரா ஆலை

சேலத்திலிருந்து ஏற்காடு அடிவாரத்துக்குப் போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பெயர் தாங்கிய வளைவு ஒன்று நிற்கிறது. அதற்குப் பின்னால் இருந்த ஸ்டுடியோ போய்விட்டது. வளைவின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் போனில்தான் எடுக்கிறார்கள். ஒரு காலத்தில் இந்த இடத்துக்குக் கேமராவும் ஃபிலிமும் கப்பலேறி வந்தன. அவற்றைச் செய்த நிறுவனங்களில் பல இன்று அந்தத் தொழிலிலேயே இல்லை. மிஞ்சியிருப்பவையும் சீனாவில் ஓர் ஆலை, கொரியாவில் ஒரு விற்பனைக் கிளை, பிரேசிலில் ஓர் அலுவலகம் என்று ஒவ்வொரு ஊராகக் கடையைக் கட்டிவருகின்றன. கேமரா நிறுவனம் ஒன்று தள்ளாடத் தொடங்கினால் ஏன் தூரத்துக் கிளைமேல் முதலில் கை வைக்கிறது? இதைப் புரிந்துகொள்ள நிக்கானிலிருந்தோ ஒலிம்பஸிலிருந்தோ தொடங்க வேண்டியதில்லை. 1858இல், இதே சேலம் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம்.

ராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களையும் காட்டும் புகைப்படத் தொகுப்பு ஒன்று அந்த ஆண்டு வெளியானது. எடுத்தவர் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி. 1856இல் மெட்ராஸ் மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்திருந்தது. கேமரா, பெரிய பெரிய காகித நெகட்டிவ்கள், ரசாயனப் புட்டிகள் எல்லாவற்றையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு அவர் ஊர் ஊராகப் போனார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்தக் காலத்துக் கருவிகளை வைத்துக்கொண்டு இதைச் செய்தார் என்பது இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

ஆனால் 1857 எழுச்சிக்குப் பிறகு அரசின் கஜானா வற்றியிருந்தது. 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் செலவுகளைப் புரட்டிப் பார்த்து, புகைப்படம் என்பது ஆடம்பரம் என்று முடிவு செய்தார். 1860இல் டிரைப்பின் அமைப்பு கலைக்கப்பட்டது. அவர் எடுத்த படங்களில் யாரும் குறை சொல்லவில்லை. மேலிடத்தில் பணம் இல்லை, அவ்வளவுதான். அமைப்பு போனாலும் தொழில் போகவில்லை. டிரைப்பிடம் உதவியாளராக இருந்து கற்றுக்கொண்ட அய்யாசாமி, பிறகு மெட்ராஸ் கலைப்பள்ளியில் புகைப்படக்கலை கற்றுக்கொடுத்தார். டிரைப் படம் பிடித்த அதே ராயக்கோட்டைக்கும் ஓசூருக்கும் இடைப்பட்ட சாலையில், உத்தனப்பள்ளி பக்கத்தில், இன்று டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை ஐபோன் பாகங்களைச் செய்கிறது.

டிரைப்புக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் மாட்டுவண்டிக்கு வேலையில்லாமல் செய்தார். 1888இல் வந்த அவருடைய கோடாக் கேமராவில் நூறு படங்களுக்கான சுருள் உள்ளேயே இருக்கும். விலை 25 டாலர். நூறும் எடுத்து முடித்தால் கேமராவை அப்படியே ரோச்செஸ்டர் நகரத்து ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்கள் கழுவி, படம் போட்டு, புதுச் சுருள் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். அமெரிக்காவுக்குள் இது சரி. லண்டன்காரர் ஒவ்வொரு முறையும் கேமராவை அட்லாண்டிக் கடலைத் தாண்டியா அனுப்புவார்? 1891இல் லண்டனை அடுத்த ஹாரோவில் கோடாக் ஓர் ஆலையைத் திறந்தது. கேமராத் தொழில் கடல் கடந்து கிளை விட முதல் காரணம் தூரம்தான். வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்கு ஆலை போனது. இந்த மாதிரிக் கிளைகளுக்கு ஆயுள் கெட்டி. வாடிக்கையாளர் இருக்கும்வரை அவற்றுக்கு வேலை இருக்கும்.

அடுத்து வந்தவர்கள் நகல் எடுத்தவர்கள். 1925இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் நிறுவனம், ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த லைக்கா கேமராவை லைப்சிக் வணிகக் கண்காட்சியில் வைத்தது. சினிமாவுக்கான 35 மில்லிமீட்டர் ஃபிலிமைச் சட்டைப்பைக் கேமராவுக்குள் போட்ட துணிச்சல் அது. பத்து ஆண்டுகளுக்குள் உலகின் இரண்டு மூலைகளில் அதைப் பிரித்துப் பார்த்துச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஒருவகையில் பார்த்தால், லைட்ஸுக்குச் செலவே வைக்காத வெளிநாட்டுக் கிளைகள் இவை!

ஒன்று உக்ரைனின் கார்கிவ் நகரம். கல்வியாளர் அந்தோன் மகரெங்கோ நடத்திய, ஆதரவற்ற பிள்ளைகளுக்கான கம்யூனில் 1934இல் ஃபெட் என்ற பெயரில் லைக்கா நகல்கள் தொடர்ச்சியாகத் தயாராகின. வீடில்லாத பிள்ளைகள் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் படம் கலங்கிவிடும் கருவியைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள் என்பதை நான் இந்தக் கதையின் பெருமைக்குரிய இடங்களில் ஒன்றாகக் கருதுகிறேன். இன்னொன்று டோக்கியோ. கோரோ யோஷிதா என்பவர் லைக்காவைத் திருகுத் திருகாகக் கழற்றி, உள்ளே இருப்பது சாதாரண உலோகங்களும் ரப்பரும்தான், விலையைப் பார்த்து மிரள வேண்டியதில்லை என்ற முடிவுக்கு வந்தார். 1934இல் அவருடைய கூடம் அறிவித்த கேமராவுக்குக் கருணைத் தெய்வமான குவானனின் பெயர் வைக்கப்பட்டது. பௌத்தத்தில் அவலோகிதேசுவரர் என்று வணங்கப்படுபவர் இவர்தான். அந்தக் கேமராக் கூடம்தான் பிறகு கேனான் ஆனது. தொடக்கத்தில் அதற்கு லென்ஸ் செய்து கொடுத்ததோ, பின்னாளில் நிக்கான் என்ற பெயரில் அதன் பரம வைரியாகப்போகும் நிறுவனம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஆலைகளே ரயிலேறின. கான்டாக்ஸ் கேமரா செய்த ஜெர்மானிய இயந்திரங்களைப் போர் இழப்பீடாக சோவியத் படையினர் எடுத்துப்போக, 1947 முதல் அதே கேமரா கீவ் என்ற பெயரில் உக்ரைனில் பிறந்தது. ஜப்பானுக்கு உதவியது ஒரு தற்செயல். 1950இல் லைஃப் இதழின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இருந்தார். ஜுன் மிக்கி என்ற இளம் ஜப்பானியர் நிக்கான் நிறுவனத்தின் லென்ஸால் அவரைப் படம் எடுத்துக் காட்டினார். படத்தின் துல்லியத்தைப் பார்த்த டங்கன் அந்த லென்ஸ்களையே தன் லைக்காவில் மாட்டிக்கொண்டு கொரியப் போருக்குப் போனார். அங்கிருந்து வந்த படங்கள் ஜப்பானியக் கண்ணாடியின் பெயரை உலகெங்கும் பரப்பின. ஜெர்மனியின் தலைமை ஆட்டம் கண்டது அப்போதுதான்.

ஏற்காடு அடிவாரம் இந்த வரைபடத்தில் எங்கே வருகிறது? டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், முதல் மலையாளப் பேசும் படமான 'பாலன்' (1938) உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த இடம். 'பாலன்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்ய ஐரோப்பியரை அமர்த்தினார் சுந்தரம். 1956இல் அவர் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அந்த வண்ணம் கேவாகலர், அதாவது பெல்ஜியத்தின் கேவார்ட் நிறுவனத்துச் சரக்கு. மலையடிவாரத்தில் விளக்கு எரிய, ஆன்ட்வெர்ப் பக்கத்தில் பூசிய ஃபிலிம் ஓடியது. சேர்வராயன் மலையில் கேமராவை வைக்க இடமிருந்தது, ஆடுவதற்கு ஆளிருந்தார்கள், எழுதுவதற்குக் கலைஞர்கள் இருந்தார்கள். ஃபிலிம் மட்டும் வெளியே. ஒவ்வோர் அடி ஃபிலிமுக்கும் அந்நியச் செலாவணி வேண்டும், 1950களின் பிற்பகுதியில் இந்தியாவிடம் அதுதான் இல்லை.

இறக்குமதிக்குக் கதவு சாத்தப்பட்டது. சாத்திய கதவுக்குள் வந்து உட்கார்ந்து செய்தால்தான் விற்க முடியும் என்பது கிளை விடுவதற்கு இரண்டாவது காரணம். நம் வீட்டு அலமாரிகளில் பலவற்றில் இதற்குச் சாட்சி உண்டு. ஆக்ஃபா கிளிக் 3 என்ற கறுப்புப் பெட்டிக் கேமரா. ஒரு சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள். பெயர் ஜெர்மனியுடையது, செய்தது பரோடாவில் இருந்த நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ். எத்தனையோ கல்யாணமும் காதுகுத்தும் அதற்குள் போய் வந்திருக்கின்றன. 1990களில் சுங்கச் சுவர் இறங்கியதும் அந்தக் கணக்கு முடிந்தது. ஜப்பானியப் பெயர் தாங்கிய பிளாஸ்டிக் கேமராக்களும், தெருவுக்குத் தெரு கொனிகா, கோடாக் பெயர்ப்பலகைகளும் வந்தன. ஆக்ஃபாவின் புகைப்படப் பிரிவு தாய்நாட்டிலேயே 2005இல் திவாலானது.

சுவருக்குள் பிறந்த இன்னொரு பிள்ளை நம் மாநிலத்திலேயே வளர்ந்தது. 1960இல் ஊட்டியில் அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், உள்ளூர்க்காரர்கள் வாயில் எச்.பி.எஃப். பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1967இல் உற்பத்தி தொடங்கியது. ஊட்டியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் குளிரும் தூசியற்ற காற்றும். ஃபிலிம் பூசுவது அவ்வளவு நுட்பமான வேலை. ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்பை மெல்லிய பட்டையில் ஒரே சீராகப் பூச வேண்டும். அதையும் இருட்டில் செய்ய வேண்டும். ஒரு தூசி விழுந்தாலும் அது கடைசியில் ஒரு முகத்தின்மேல் புள்ளியாக வரும். இருட்டுக்குள்ளேயே கைத்தடம் பிடித்து நடந்து, இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே வேலை செய்யப் பழகிய ஒரு தலைமுறை அந்த மலையில் இருந்தது. இந்து என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம், போட்டோ காகிதம், மருத்துவமனைகளுக்கு எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கு இந்து நகர் என்றே பெயர்.

எச்.பி.எஃப். யாருடைய வெளிநாட்டுக் கிளையும் அல்ல. ஆனால் அதன் அழிவில் எல்லாக் கிளைகளின் அழிவும் தெரிகிறது. நாடு வண்ணத்துக்கு மாறியபோது அது கறுப்பு வெள்ளையிலேயே நின்றது. புது எக்ஸ்ரே ஃபிலிமுக்காகப் பெரும் கடன் வாங்கி இயந்திரம் போட்ட சமயத்தில் இறக்குமதி வரி குறைந்தது. வெளிநாட்டிலிருந்து பெரிய சுருள்களாக வாங்கி இங்கே வெட்டி விற்பவர்கள் மலிவாகக் கொடுத்தார்கள். 1996இல் நலிவுற்ற நிறுவனம் என்று முத்திரை விழுந்தது. பிறகு மருத்துவமனைகளே ஃபிலிமை விட்டுக் கணினித் திரைக்கு மாறின. 2014இல் மத்திய அமைச்சரவை தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. கடன் வாங்கிப் போட்ட இயந்திரம் வேலை செய்யும் முன்பே சந்தை நகர்ந்துவிட்டால் தொழிலாளியின் திறமையால் எதையும் காப்பாற்ற முடியாது. இது ஊட்டிக்கும் பொருந்தும், நாம் அடுத்துப் போகும் ஊருக்கும் பொருந்தும்.

அந்த ஊர் சிங்கப்பூர். ஜெர்மனியின் ரோலை நிறுவனம் 1966இல் ரோலை 35 என்ற கேமராவை வெளியிட்டது. ஹைன்ஸ் வாஸ்கே வடிவமைத்த அது, உள்ளங்கைக்குள் அடங்கும். லென்ஸை உள்ளே தள்ளி மூடலாம். ஃபிலிம் நகர்த்தும் நெம்புகோல் வழக்கத்துக்கு மாறாக இடக்கைப் பக்கம், ஃபிளாஷ் மாட்டும் இடம் கேமராவின் அடியில். இடமே இல்லாத இடத்தில் எல்லாவற்றையும் நுழைத்ததன் விளைவு அது. கேமரா புகழ்பெற்றது, ஜெர்மனியில் கூலி ஏறிக்கொண்டே போனது. ஜப்பானியர்களோடு விலையில் மோத வேண்டுமானால் கூலி குறைந்த ஊர் வேண்டும். 1970களின் தொடக்கத்தில் ரோலை சிங்கப்பூரில் பெரிய ஆலைகளைக் கட்டியது. கிளை விடுவதற்கு மூன்றாவது காரணம் இது, மிகவும் நிலையற்ற காரணமும் இதுவே.

சிங்கப்பூர் அரசு இந்த வாய்ப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. 1972இல் டாடாவுடனும் 1973இல் ரோலையுடனும் கூட்டுச் சேர்ந்து தொழிற்பயிற்சி மையங்களைத் திறந்தது. பள்ளி முடித்த பிள்ளைகள் கடைசல் பிடிக்கவும், லென்ஸ் அரைக்கவும், நுண்ணிய கருவிகளைக் கோக்கவும் அங்கே கற்றார்கள். 'ரோலை சிங்கப்பூர்' என்று பொறித்த கேமராக்கள் உலகமெங்கும் போயின. சோதனை விற்பனைப் பக்கத்திலிருந்து வந்தது. ஆலை லட்சக்கணக்கில் செய்வதற்காகக் கட்டப்பட்டது, சந்தை அவ்வளவு கேட்கவில்லை. ஜப்பானியர்கள் கேமராவுக்குள் மின்னணுவைப் புகுத்தி வேகமாக முன்னே போனார்கள். விற்காத சரக்கு கிடங்கில் ஏறியது. 1981இல் ரோலை திவாலாகி, சிங்கப்பூர் ஆலை மூடப்பட்டது.

அங்கே பயிற்சி பெற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிங்கப்பூரில் அப்போது வளர்ந்துகொண்டிருந்த துல்லியப் பொறியியல், மின்னணு ஆலைகள் அவர்களை எடுத்துக்கொண்டன. ரோலை போனது, கை பழகிய வேலை தங்கியது. அரசு கூட்டாகப் பயிற்சி மையம் கேட்டு வாங்கியிருக்காவிட்டால் மிஞ்சியிருப்பது காலிக் கட்டடம் மட்டுமே.

கூலியைத் தேடி 1973இல் போர்ச்சுகலுக்குப் போன லைக்கா இன்னும் அங்கே இருக்கிறது. அந்த நிறுவனமும் 2005இல் விழப் பார்த்ததுதான். ஆனால் அது குறைந்த எண்ணிக்கையில், அதிக விலைக்கு, ஆண்டுக்கணக்கில் பழகிய கைகளை நம்பிச் செய்கிறது. அந்தக் கைகளை வேறு ஊரில் உடனே வாங்க முடியாது. கூலி மட்டுமே காரணமாக இருந்தால் இன்னும் கூலி குறைந்த ஊர் வந்த அன்றே லைக்கா கிளம்பியிருக்கும்.

ஜப்பானியர்களுக்கும் அதே நெருக்கடி வந்தது. 1985இல் வல்லரசுகள் நியூயார்க்கில் கூடிச் செய்த பிளாசா ஒப்பந்தத்தால் யென்னின் மதிப்பு சில ஆண்டுகளில் ஏறத்தாழ இரட்டிப்பானது. ஜப்பானில் செய்து டாலருக்கு விற்பவன் கையைக் கடித்தது. ஆலைகள் தைவான், மலேசியா, தாய்லாந்து, சீனா என்று பரவின. 1990இல் கேனான் சீனாவின் ஜுஹாய்க்கும் நிக்கான் தாய்லாந்தின் அயுத்தயாவுக்கும் போயின. 1991இல் ஒலிம்பஸ் ஷென்செனுக்கு. 2011 அக்டோபரில் அயுத்தயாவில் வெள்ளம் புகுந்து நிக்கான் ஆலை மூழ்கியபோதுதான், தங்கள் ஜப்பானியக் கேமரா எந்த ஊரில் பிறக்கிறது என்று பலருக்குத் தெரியவந்தது.

அந்த வெள்ளம் வடிந்தது. வடியாத வெள்ளம் வேறு. 2010இல் ஜப்பானிய நிறுவனங்கள் உலகெங்கும் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல், அவற்றில் பத்தில் ஒன்பது சட்டைப்பைக் கேமராக்கள். 2020இல் மொத்தமே 90 லட்சத்தை எட்டவில்லை. பத்து ஆண்டில் பதின்மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிய தொழிலை நினைத்துப் பாருங்கள்.

ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். ஆலை அசையாமல் தின்னும். அச்சு வார்ப்புகள், தூசியற்ற அறைகள், மின்சாரம், மேலாளர்கள் எல்லாம் ஒரு கோடி கேமராவுக்கும் அதே செலவு, ஐந்து லட்சத்துக்கும் ஏறக்குறைய அதே செலவு. எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொரு கேமராவின் தலையிலும் விழும் பங்கு ஏறுகிறது. குறைந்த கூலியால் வரும் லாபத்தை அது விழுங்கிவிடும். இதற்குள் சீனாவிலும் கூலி ஏறிவிட்டது. எனவே இரண்டு ஆலைகளில் அரைகுறையாக ஓடும் வேலையை ஒன்றில் சேர்ப்பது தவிர வழியில்லை. எதை மூடுவது? போன் விழுங்கிய ரகத்தைச் செய்யும் ஆலையை. 2002இல் வூஷியில் நிக்கான் நிறுவிய ஆலையின் பிழைப்பு சட்டைப்பைக் கேமராக்கள். 2017 அக்டோபரில் மூடப்போவதாக அறிவித்த நிக்கான், ஸ்மார்ட்போனின் எழுச்சியையே காரணமாகச் சொன்னது. சட்டைப்பைக் கேமராக்கள் செய்த ஜுஹாய் ஆலையைக் கேனான் 2022இல் நிறுத்தியது.

விற்பனைக் கிளைகளின் கணக்கு வேறு. ஒரு நாட்டில் சொந்தப் பெயரில் கிளை வைத்தால் அலுவலக வாடகை, கிடங்கு, பழுது பார்க்கும் மையம், பழைய ரகங்களுக்கான உதிரிபாகங்கள், கடைக்காரர்களுக்குக் கடன், விளம்பரம் எல்லாம் வேண்டும். விற்பனை சுருங்கிய நாட்டில் கிளையை மூடிவிட்டு உள்ளூர் வணிகர் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுவது மலிவு. 2017 முடிவில் நிக்கான் பிரேசிலில் கேமரா விற்பனையை நிறுத்தியது. இதில் அடிபடுகிறவர் ஏற்கெனவே கேமரா வாங்கியவர். ஷட்டர் பழுதானால் அவர் எங்கே போவார் என்ற கேள்விக்கு நிறுவனத்தின் அறிக்கையில் ஒரு வரிதான் இருக்கும்.

ஒலிம்பஸின் கதையில் இன்னொரு திருப்பம். 1950இல் வயிற்றுக்குள் இறக்கிப் படம் எடுக்கும் கேமராவை உருவாக்கிய நிறுவனம் அது. அதன் வழிவந்த எண்டோஸ்கோப் கருவிகள்தான் இன்று அதற்குச் சோறு போடுகின்றன. கையில் பிடிக்கும் கேமராப் பிரிவு நஷ்டத்தில் ஓடியது. 2018இல் ஷென்சென் ஆலையை மூடி உற்பத்தியை வியட்நாமுக்கு மாற்றினார்கள். 2020இல் கொரியாவில் கேமரா விற்பனையிலிருந்து வெளியேறினார்கள். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நஷ்டம் என்று சொல்லி, 2021 ஜனவரி 1இல் கேமராப் பிரிவையே ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டார்கள். வாங்குகிறவர் சுத்தமான கணக்கைத்தான் வாங்குவார். விற்பனைக்கு முன் கிளைகளைக் களைவதும் வீட்டை விற்கும் முன் கடன்களை அடைப்பதும் ஒரே வேலை.

எப்போதும் வெளிநாட்டு ஆலைதான் பலியாகும் என்பதும் இல்லை. 1971 முதல் கேமரா செய்துவந்த தன் செண்டாய் ஆலையிலிருந்து நிக்கான் கேமரா உடல் உற்பத்தியை 2021இல் தாய்லாந்துக்கு மாற்றியது. முப்பது ஆண்டுகளில் அயுத்தயாவின் கைகள் உயர்ந்த ரகக் கேமராவையும் செய்யத் தேறியிருந்தன. அதனால் இம்முறை தாய்நாட்டு ஆலை வழிவிட்டது.

கேமராவை விழுங்கிய போனுக்கும் தமிழ்நாட்டில் ஒரு கதை இருக்கிறது. 2000களின் நடுவில் உலகிலேயே அதிகக் கேமராக்களை விற்பது கோடாக்கோ கேனானோ அல்ல, நோக்கியாதான் என்று பேசிக்கொண்டார்கள். அதே நோக்கியா 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலையைத் திறந்தது. கேமரா இல்லாத எளிய போன்களும் அங்கே ஏராளமாகத் தயாராகின. உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஷிப்ட் முடித்து, வீட்டுக்குப் பணம் அனுப்பிய முதல் தலைமுறை. ஸ்மார்ட்போன் வந்ததும் நோக்கியாவுக்கும் அதே கதி. 2014இல் போன் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, வரி வழக்குகளால் முடக்கப்பட்டிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலையை எடுத்துக்கொள்ளவில்லை. ஆர்டர் நின்றது. நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது. இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு என்ற சொல்லைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள் அந்தப் பெண்கள்.

ஆலை ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் பூட்டிக் கிடந்தது. பின்லாந்தில் பிறந்து சீன முதலாளிகளிடம் போன சால்காம்ப் நிறுவனம் 2019இல் அதை வாங்குவதாக அறிவித்தது. போனுக்கான சார்ஜர்களும் பாகங்களும் அங்கே தயாராகின்றன. மறுபடியும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள்.